முதல் வரியிலிருந்து படி, கம்லா

எங்கள் கோயில் ஆண்டு மலரில் யார் யார் படமோ வருகிறது. தேங்காய் உடைத்தவர் படம், ரிப்பன் வெட்டியவர் படம், சிட்னியிலிருந்து விடுமுறைக்கு வந்து மாலை வாங்கிக்கொண்டு போனவர் படம். கம்லா அக்காவுக்கு மட்டும் ஒரு மூலைகூட இல்லை. போன வருஷம் மலர்க் குழுவிடம் நேராகவே போய்க் கேட்டேன். "அவங்க அப்படி என்ன செஞ்சாங்க, சிவன் பாய்?" என்றார்கள். எங்கள் ஊர் இந்தியில் பாய் என்றால் அண்ணன். வந்த கோபத்துக்கு அங்கேயே நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். சாமி சந்நிதி என்று அடக்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

நான் எங்கள் தீவில் நாந்திக்கும் லௌடோகாவுக்கும் நடுவே பஸ் ஓட்டியவன். வீடு லோவுவில், கம்லா அக்கா வீட்டுக்கு நாலைந்து கரும்புக் காடு தள்ளி. அக்கா லௌடோகாவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் டைப்பிஸ்ட். காலையில் என் பஸ்ஸில்தான் போவார், எனக்குப் பின்னால் முதல் சீட்டில். அந்த சீட்டில் வேறு யாராவது உட்கார்ந்தால் நானே எழுப்பிவிடுவேன். ஏனென்றால் அது சீட்டு மாதிரி இருந்தாலும் உண்மையில் ஓர் ஆபீஸ். சர்க்கார் காகிதம் வந்தவர்கள் எல்லாரும் அங்கேதான் வந்து நிற்பார்கள்.

எங்கள் ஊரில் காகிதம் இங்கிலீஷில் வரும். வீட்டில் பேசுவது இந்தி. தமிழ் கோயிலிலும் கிழவர்கள் வாயிலும் மிச்சம். இங்கிலீஷ் படித்த பிள்ளைகளுக்கே அந்தக் காகிதம் புரியாது. பக்கத்தின் மேல்முனையில் புறப்பட்ட வாக்கியம் மூச்சு விடாமல் கீழ்முனைக்கு ஓடும். "ஏன்க்கா இப்படி எழுதுறாங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "எனக்கென்ன தெரியும்? அவங்க சொல்லுவாங்க, நான் அடிப்பேன்" என்றார். பிறகு, "அடிச்சு அடிச்சு எதை எங்கே ஒளிச்சு வெப்பாங்கன்னு தெரிஞ்சு போச்சு" என்றார்.

அந்தப் பாடம் வந்த கதை வேடிக்கையான கதை இல்லை. எண்பத்தேழில் முதல் ராணுவப் புரட்சி நடந்தபோது ஊரடங்கு போட்டார்கள். அக்காவின் அப்பா சின்னப்பன் துறைமுகத்தின் பக்கம் ஒரு கிடங்கில் இரவுக் காவல்காரர். இருட்டின பிறகு தெருவில் நடந்தால் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று மார்க்கெட் முழுக்கப் பேச்சு. மனுஷர் பயந்து வீட்டோடு இருந்துவிட்டார். ஊரடங்கு தளர்ந்து வேலைக்குப் போனால் அங்கே வேறு ஆள் நிற்கிறான். ஊரடங்கு அறிவிப்பின் கடைசி வரியில், காவல் வேலைக்காரர்கள் பாஸ் வாங்கிக்கொண்டு போகலாம் என்று இருந்தது. அதை ஸ்டென்சிலில் அடித்தது கம்லா அக்காதான். அடித்தாரே தவிரப் படிக்கவில்லை. வீட்டில் அப்பா, ஆபீஸில் அறிவிப்பு, நடுவில் அவர். சின்னப்பன் அதன் பிறகு எங்கும் வேலைக்குப் போகவில்லை. மகளை ஒரு வார்த்தை குறை சொன்னதும் இல்லை. அதுதான் அக்காவால் தாங்க முடியாமல் போனது.

அன்றிலிருந்து யார் காகிதம் நீட்டினாலும் கடைசி வரி வரைக்கும் படிக்காமல் வாயைத் திறக்க மாட்டார். திறந்தால் கடைசி வரியைத்தான் முதலில் சொல்வார். "வழி எப்பவும் வாலுல இருக்கும்" என்பார். பிறகு மிச்சத்தைச் சொல்வார். சொல்லி முடித்ததும் விட்டுவிடுவாரா? "இப்ப நீங்க சொல்லுங்க, நான் கேக்குறேன்" என்பார். கேட்டவர் தன் வாயால், தன் பாஷையில், திருப்பிச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் மறுபடி முதலிலிருந்து. பஸ் ஸ்டாண்டு வந்துவிட்டாலும் இறங்க விடமாட்டார். நாய் லைசென்ஸ் நோட்டீஸ் வந்தபோது ஒரு அம்மாள் தன் நாயைப் போலீஸ் கைது பண்ணப் போகிறது என்று அழுதுகொண்டே ஏறினாள். "லைசென்ஸ் பட்டை வாங்கிக் கழுத்துல கட்டிட்டா தொடமாட்டான், போ" என்றார் அக்கா. அந்த அம்மாள் அதை அழாமல் திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள் நான் வண்டியை இரண்டு தரம் ஓரம் கட்டினேன்.

புரட்சிக்குப் பிறகு வந்த காகிதங்களில் பாதி, ஊரை விட்டுப் போகிற காகிதம். பாஸ்போர்ட், போலீஸ் சர்டிபிகேட், வரி பாக்கி இல்லை என்ற சீட்டு, ஆக்லாந்து ஆபீஸ் கேட்கிற மார்பு எக்ஸ்ரே. எல்லாவற்றையும் அந்த சீட்டில் வைத்துத்தான் பிரித்துச் சொன்னார். அக்காவின் வீட்டுக்காரர் நடராஜன் அண்ணன் சர்க்கரை மில்லில் ஃபிட்டர், வாய்க்கு வாய் கிண்டல். "ஊரையே ப்ளேன் ஏத்தி விட்டுட்ட. நீ மட்டும் இன்னும் சிவன் பஸ்லயே போயிட்டிரு" என்பார். மகன் விநீல் பிரிஸ்பேனிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அக்கா, "பாக்கலாம்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

இனி பொன்சாமி மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். லோவுவில் கரும்பு போட்டவர். வைராக்கியம் என்றால் அப்படி ஒரு வைராக்கியம். எந்தக் காகிதத்திலும் கைவைக்க மாட்டார். அவர் பாட்டனை மெட்ராஸில் ஓர் ஏஜெண்ட் பிடித்து, பக்கத்துத் தீவில் லேசான வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லி, கிர்மிட் என்கிற கூலி ஒப்பந்தக் காகிதத்தில் விரலை அழுத்த வைத்துக் கப்பல் ஏற்றிவிட்டான். பாட்டன் சாகும்போது, "நம்ம வம்சத்துல இனி ஒருத்தனும் காகிதத்துல கை வெக்கக்கூடாது" என்று சத்தியம் வாங்கினாராம். மற்ற பேரன்கள் அதை அப்போதே மறந்துவிட்டார்கள். இவர் பிடித்துக்கொண்டார்.

அப்படியானால் ஒரு விவசாயி எப்படிப் பிழைப்பது என்று கேட்பீர்கள். உர்மிளா மாமி இருந்தார் அல்லவா? குத்தகை நிலமே மாமியின் அப்பா வழியாக மாமி பேருக்கு வந்தது. மில் காகிதம், பிள்ளையின் பள்ளிக்கூடக் காகிதம் எல்லாவற்றுக்கும் மாமி கையெழுத்து. மாமா வெளியே மாட்டைக் கழுவிக்கொண்டிருப்பார். மாமி இறந்த பிறகு, மகள் சுமித்ரா ஆக்லாந்துக்கு வரச்சொல்லிக் காகிதம் அனுப்பினாள். அதில் மாமா கையெழுத்துப் போட வேண்டிய இடம் வெறுமனே கிடந்தது. அவள் போனில் கெஞ்சினாள், திட்டினாள், அழுதாள். மாமா மாட்டைக் கழுவப் போய்விட்டார்.

இரண்டாயிரத்தில் தலைநகர் சுவாவில் மறுபடி ராணுவத் துப்பாக்கி வெளியே வந்தது. பாராளுமன்றத்துக்குள் ஆட்களை அடைத்து வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அதே சமயம் பழைய குத்தகைகள் ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தன. நிலம் இந்த மண்ணின் பூர்வீகக் கிராமத்துக்காரர்களுடையது. அவர்கள் திரும்பக் கேட்டால் கொடுக்க வேண்டும். அது நியாயம்தான். ஆனால் அந்த வருஷம் எந்தப் பேச்சும் பேச்சாக இல்லை. வேறு பக்கங்களில் சிலரை மிரட்டி விரட்டினார்கள் என்று செய்தி வந்தது. அதைக் கேட்டவர்கள் நோட்டீஸ் கையில் கிடைத்ததுமே வீட்டைப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். குத்தகை நிலத்தில் வீடு என்றால் எங்களுக்குப் பலகையும் தகரமும்தான். பிரித்துக்கொண்டு போகலாம் என்றே கட்டுவது. யாரோ வந்து பிடுங்குவதற்கு முன்னால் நாமே பிரித்துவிட்டால் மானம் மிஞ்சும் என்று நினைத்தார்கள்.

ஜூலை மாதம், மில் ஓடுகிற நேரம். கரும்பு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டு போகிறேன். பொன்சாமி மாமா வீட்டுக் கூரையில் ஆள் தெரிகிறது. மாமாதான், கையில் கடப்பாரை. கீழே புல்லில் இரண்டு தகரம் கிடக்கிறது.

"சிவன், நிறுத்து" என்றார் அக்கா.

"ஸ்டாப் இன்னும் வரலக்கா."

"நிறுத்துறியா, குதிக்கட்டுமா?"

நிறுத்தினேன். அக்கா ஆபீஸ் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்று வரப்பில் ஓடினார். ஏணியில் ஏறினார். மாமா எந்தத் தகரத்தை நெம்பிக்கொண்டிருந்தாரோ அதன் மேலேயே போய் உட்கார்ந்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே பக்கத்து ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். நானும் இறங்கிப் போய் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். ஐம்பதைத் தொடப்போகிற பொம்பளை, கூரையிலிருந்து விழுந்தால் நடராஜன் அண்ணனுக்கு யார் பதில் சொல்வது?

"எறங்கு கம்லா" என்றார் மாமா.

"நீங்க எறங்குங்க, நான் எறங்குறேன்."

"எம் பொண்டாட்டி வீட்ட நான் பிரிக்கிறேன். உனக்கு என்னா வந்துச்சு?"

"நோட்டீஸ் வந்திருக்கா மாமா?"

மாமா கடப்பாரையைத் தகரத்தில் வைத்தார். பிறகு, "அவ பேருக்கு வந்திருக்கு. அவதான் இல்லியே" என்றார்.

"யாரு படிச்சுச் சொன்னாங்க?"

"படிக்க என்னா இருக்கு? எல்லாருக்கும் வந்தது எனக்கும் வந்திருக்கு. தொரத்தறதுக்கு முன்னால போயிடணும்."

"நான் படிச்சுட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் ஒரு ஆணியத் தொடக்கூடாது. தொட்டா இங்கயே உக்காந்திருப்பேன். மழ வந்தாலும் உக்காந்திருப்பேன்."

அவர் உட்கார்ந்திருப்பார் என்று மாமாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாமா இறங்கினார். அக்கா கூரையிலிருந்தே என்னைப் பார்த்து, போ போ என்று கையை ஆட்டினார். அன்றைக்கு என் பஸ் தாமதமானதற்கு டெப்போவில் திட்டு வாங்கினேன். காரணம் கேட்டார்கள். கம்லா அக்கா கூரையில் உட்கார்ந்திருந்தார் என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை.

நோட்டீஸ் மாமியின் படத்துக்குப் பின்னால் இருந்தது. அக்கா அங்கேயே நின்று முழுக்கப் படித்தார். இந்த வருஷக் கடைசியோடு குத்தகை முடிகிறது, நிலத்தைக் காலி செய்ய வேண்டும் என்று தலைப்பகுதி. கடைசிப் பகுதியில் நிற்கிற கரும்பை இந்த சீசனில் வெட்டிக்கொள்ளலாம் என்று இருந்தது. வீடு, கிணறு, வடிகால், மரம் என்று நிலத்தில் உண்டாக்கியது எதுவோ அதற்கு ஈடு கேட்கலாம் என்றும் இருந்தது. ஆனால் இறந்துபோனவரின் வாரிசு தன் கையெழுத்தோடு எழுதிக் கேட்க வேண்டும். அதிகாரி வந்து பார்க்கும்போது கேட்கிற பொருள் நிலத்தில் நிற்கவும் வேண்டும். பிரித்து லாரியில் ஏற்றிவிட்டால் பார்க்க என்ன இருக்கும்? அப்படி ஏற்றிக்கொண்டு போனவர்கள் எத்தனையோ பேர். 

அக்கா சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் மாமா வீட்டில் இறங்கினார். மறுநாளும் இறங்கினார். அதற்கடுத்த நாளும் இறங்கினார். போன வேகத்திலேயே முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"என்னாக்கா?"

"கேக்குறாரு. நல்லாத்தான் கேக்குறாரு. கரும்ப வெட்டிக்கலாம் மாமா, வீட்டுக்கு ஈடு கேக்கலாம் மாமான்னு எல்லாம் சொல்லிட்டேன். நீங்க சொல்லுங்கன்னா வாயத் தொறக்கமாட்டேங்குறாரு. பேனாவ நீட்டினா மாட்டைக் கழுவப் போயிடுறாரு. இந்த வாரத்துல அந்த மாடு தேஞ்சே போயிடும்."

ஈடு கேட்பதற்குக் கொடுத்திருந்த கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நாளுக்குள் எழுத்து போய்ச் சேராவிட்டால் வீடும் போச்சு, கிணறும் போச்சு, மாமி நட்ட பலாவும் எலுமிச்சையும் போச்சு. வாழ்நாள் முழுக்க உழைத்த மனுஷர் வெறுங்கையோடு ரோட்டுக்கு வருவார். எனக்குத் தெரிந்த புத்தியை நான் சொன்னேன்.

"அக்கா, பொன்சாமின்னு நீங்களே கிறுக்கிடுங்க. அவரு கையெழுத்து எப்படி இருக்கும்னு இந்த உலகத்துல யாருக்குத் தெரியும்? அவருக்கே தெரியாது."

அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. "அப்புறம் அந்த ஏஜெண்டுக்கும் எனக்கும் என்னடா வித்தியாசம்?" என்றார்.

லௌடோகா வரைக்கும் என்னோடு பேசவில்லை. எனக்கும் கோபம்தான். நல்லது சொன்னால் இப்படியா என்று முனகிக்கொண்டே ஓட்டினேன். ஆனால் அவர் சொன்னது சரி என்பது மார்க்கெட் திரும்புவதற்குள் எனக்கு உறைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா மறுபடி போனார். என்னையும் வரச்சொன்னார். ஒரு வாரமாகக் கூரை ஓட்டையைச் சாக்கு போட்டு மூடியிருந்தது, தகரத்தைத் திரும்ப அடிக்க ஆள் வேண்டும். நான் மேலே ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். கீழே பேசுவது ஓட்டை வழியாகத் தெளிவாகக் கேட்டது.

அக்கா தொடங்கினார். "நிக்கிற கரும்ப வெட்டிக்கலாம்னு போட்டிருக்கு மாமா."

"அது தெரியும்" என்றார் மாமா.

"வீட்டுக்கு ஈடு கேக்கலாம்."

"அதுவும் தெரியும். ஒரு வாரமா சொல்ற. எல்லாம் நல்லதாவே சொல்ற. நீ ஏன் வாலுலேந்து ஆரம்பிக்குற?"

அக்கா காகிதத்தை மடிக்கிற சத்தம் கேட்டது.

"எங்க பாட்டன்கிட்டயும் அவன் நல்லதத்தான் சொன்னான். லேசான வேல. நல்ல சம்பளம். பக்கத்துத் தீவு. எல்லாம் காகிதத்துல இருந்துச்சுன்னே வெச்சுக்க, அவன் பொய்யிகூட சொல்லலேன்னே வெச்சுக்க. தலையில என்னா இருந்துச்சுன்னு சொல்லல. நீயும் தலயச் சொல்லமாட்டேங்குற. அப்புறம் பேனாவ நீட்டுற. மொதோ வரியிலேந்து படி, கம்லா."

நான் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன். ஓட்டை வழியாகப் பார்த்தால் அக்காவின் தலை உச்சி மட்டும் தெரிந்தது, அது அசையவில்லை. பதின்மூன்று வருஷமாகக் கடைசி வரி, கடைசி வரி என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்த பொம்பளை. அப்பாவுக்குச் சொல்லாமல் விட்ட வரி அது. அதைப் பிடித்துக்கொண்டு அலைந்ததில், முதல் வரியைச் சொல்லத் தனக்கே பயம் என்பது அவருக்குத் தெரியாமல் போயிருக்கிறது. எனக்கும்தான் தெரியவில்லை. பஸ்ஸில் எத்தனை பேருக்கு வாலை மட்டும் கொடுத்து இறக்கி விட்டாரோ, யார் கண்டது.

காகிதம் சரசரத்தது. அக்கா மெதுவாகப் படித்தார், தமிழில், ஒவ்வொரு வாக்கியமாக.

"காலமான உர்மிளா அவங்களோட வாரிசுகளுக்கு. அவங்க பேர்ல இருந்த நிலத்துக்குக் குத்தக இந்த வருசக் கடசியோட முடியுது. மறுபடி குடுக்கப் போறதில்ல. நிலத்துச் சொந்தக்காரங்க தங்களுக்கே வேணும்னு கேட்டிருக்காங்க. நீங்க வீட்ட விட்டு, நிலத்த விட்டுப் போகணும்." காகிதத்தை மடியில் வைத்தார். "கையெழுத்துப் போட்டாலும் போகணும் மாமா. போடலேன்னாலும் போகணும். போட்டா வெறுங்கையா போக வேண்டியதில்ல. அவ்வளவுதான். இத மாத்த எனக்கு வழி தெரியல. தெரிஞ்சா உங்களுக்குச் செஞ்சிருப்பேன்."

அக்கா அழுதுகொண்டே சொன்னார். குரல் மட்டும் உடையவில்லை.

 அக்கா கேட்காமலேயே மாமாவே சொல்ல ஆரம்பித்தார். "உர்மிளா செத்துட்டான்னு ஆபீஸ்காரனுக்கும் தெரிஞ்சிருக்கு. நிலம் அவங்களுது, அவங்க கேக்குறாங்க. வருசம் முடிஞ்சா நான் போகணும். அதுக்குள்ள கரும்ப வெட்டிக்கலாம். வீட்டப் பிரிக்கக்கூடாது, அவன் வந்து பாக்கணும். கெணறு, பலா, எலுமிச்ச எல்லாத்தையும் காட்டணும். கேக்குறது நான்னு காட்ட என் கையி வேணும். சரியா?"

"சரி மாமா."

"பேனாவக் குடு."

நான் ஏணியில் பாதி இறங்கி வாசல் வழியாகப் பார்த்தேன். கோயில் பஜனைக்காகச் சின்ன வயசில் கற்றுக்கொண்ட தமிழ் எழுத்து. பொன்சாமி என்று கூட்டிக் கூட்டி எழுதினார், மாட்டு வண்டி மேடு ஏறுகிற மாதிரி. எழுதி முடித்ததும் காகிதத்தைத் தூரப் பிடித்துப் பார்த்தார். "அவ எழுத்து இன்னும் நல்லாருக்கும்" என்றார்.

அதிகாரி வந்து பார்த்த நாளில் நிலத்துக்காரர்கள் சார்பில் அபிசாய் பெரியவரும் வந்திருந்தார். மாமாவும் அவரும் பழைய சிநேகிதர்கள், மாமா வீட்டுப் பலா பழுத்தால் முதல் பழம் அவருக்குத்தான் போகும். அந்த வருஷம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அன்றைக்கு மாமா, அவர்கள் மரியாதைக்கு வைக்கிற யாங்கோனா வேர்க் கட்டு ஒன்றை அவர் முன்னால் வைத்தார். பெரியவர் அவர்கள் வழக்கப்படி கை தட்டி வாங்கிக்கொண்டார். "என் பேரங்களுக்கு நிலம் வேணும், பொன்சாமி. உன்னத் தொரத்தணும்னு யாரும் கேக்கல" என்று இந்தியில் சொன்னார். "தெரியும். காகிதத்துல போட்டிருக்கு, கம்லா படிச்சா" என்றார் மாமா. பிறகு அதிகாரியைக் கூட்டிக்கொண்டு கிணற்றுக்கும் வடிகாலுக்கும் பலாவுக்கும் தானே நடந்தார். அக்கா பேசவே இல்லை, பேச வேண்டியதும் இல்லை. அதிகாரி விட்டுவிட்டுப் போகப் பார்த்த எலுமிச்சைக்கு மாமா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

ஈடு கொஞ்சம் தாமதமாக வந்தது, வந்ததும் கேட்டதைவிடக் குறைச்சல்தான். ஆனாலும் வந்தது. அது மாமாவுடையது, யார் தயவும் இல்லை. கரும்பையும் வெட்டி மில்லுக்கு அனுப்பினார். சுமித்ராவின் காகிதத்தையும் அக்காவிடம் கொண்டுவந்தார், முதல் வரியிலிருந்து கேட்டார், கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு பஸ்ஸில் அக்கா காகிதம் படிக்கும் விதமே மாறிவிட்டது. மேலிருந்து கீழே, உள்ளது உள்ளபடி. சிலர் பாதியிலேயே முகம் வாடி எழுந்துகொள்ளப் பார்ப்பார்கள். "உக்காருங்க, இன்னும் முடியல" என்று கையைப் பிடித்து உட்கார வைப்பார். ஆபீஸில் நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தால், இது யாருக்குப் புரியும் என்று அதிகாரியிடமே கேட்க ஆரம்பித்தார். அதனால் பதவி உயர்வு ஒன்று தள்ளிப்போனது. நடராஜன் அண்ணன் பொறுமை இழந்து ஒருநாள், "நீ பிரிஸ்பேன் வரியா இல்லியா, மொதோ வரியச் சொல்லு" என்றார். "வரல" என்றார் அக்கா. அண்ணன் மூன்று நாள் பேசாமல் இருந்துவிட்டு, நாலாம் நாள் பின்வேலிக்குப் புதுக் கம்பி கட்டினார். இருவரும் இன்றைக்கும் லோவுவில்தான் இருக்கிறார்கள். அக்கா ஓய்வு பெற்ற பிறகும், காகிதம் வந்தவர்கள் அவரைத் தேடி அவர் வீட்டுக்கே போகிறார்கள்.

மாமா ஆக்லாந்து போன நாளில் நாந்தி விமான நிலையத்துக்கு நானும் அக்காவும் போனோம். கழுத்து இறுகப் புதுச் சட்டை, கையில் மாமியின் படம் சுற்றின துணிப்பை. உள்ளே போவதற்கு முன்னால் பயணம் போகிறவர்கள் நிரப்ப வேண்டிய அட்டை ஒன்று கொடுத்தார்கள். மாமா அதை அக்காவிடம் நீட்டினார். அக்கா பேர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் நம்பர் என்று மேலிருந்து படித்துக்கொண்டே எழுதினார். ஓரிடத்தில் பேனா நின்றது. பழைய கம்லா அக்காவாக இருந்தால் அந்த வரியைச் சொல்லாமல் தாண்டிப் போயிருப்பார்.

"திரும்பி வருவீங்களா, இல்ல ஒரேயடியா போறீங்களான்னு கேக்குது மாமா" என்றார்.

மாமா அட்டையை வாங்கிப் பார்த்தார். எந்தக் கட்டம் என்று கேட்டார். அக்கா இரண்டு கட்டத்தையும் விரலால் காட்டினார். பின்னால் வரிசை நின்றது, யாரோ ஒரு குழந்தை அழுதது. மாமா ஒரேயடியாகப் போவதற்கான கட்டத்தில் அழுத்தமாகக் கோடு போட்டார், கீழே தமிழில் பேரை எழுதினார்.

"பாட்டன்கிட்ட இத யாரும் கேக்கல" என்று சொல்லிவிட்டுப் பேனாவை அக்காவிடம் கொடுத்தார்.